பேட்டை, சத்திரம், லவுஞ்சு: உடன்குடி வட்டாரத்தில் காத்திருப்பின் வரலாறு

நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கியவர், பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் மற்றப் பயணிகளோடு இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. அவருக்கென்று மெத்தை இருக்கையும் சூடான சாப்பாடும் குளியலறையும் உள்ள தனிக்கூடம் ஒன்று இருக்கிறது. லவுஞ்சு என்றே தமிழிலும் வழங்கும் இந்த ஓய்வுக்கூடம் விமான யுகத்தின் புதுமையாகத் தோன்றினாலும், வழிப்பயணத்தில் காத்திருப்பவருக்கு இடம் கொடுப்பவர் யார், என்ன தகுதி பார்த்துக் கொடுக்கிறார், அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்னும் கேள்விகள் விமானத்தைவிட மிகப் பழையவை. அவற்றுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகள் எப்படி மாறின என்பதைப் பார்ப்பதற்கு உடன்குடி வட்டாரம் பொருத்தமான களம். திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி எனப்படும் செம்மணல் மேடுகளுக்கும் குலசேகரன்பட்டினக் கடற்கரைக்கும் இடையில் அமைந்த இவ்வூர் கருப்பட்டிக்குப் பேர்போனது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. மானாவாரி நிலமும் பனையும் மட்டுமே கொண்டு எல்லாக் குடும்பங்களும் பிழைத்துவிட முடியாது என்பதால், இவ்வட்டாரத்து மக்கள் மாட்டுவண்டியிலும் கப்பலிலும் ரயிலிலும் விமானத்திலும் தலைமுறை தலைமுறையாக வெளியூர் போய்வந்தவர்கள். போன வழியெல்லாம் காத்திருந்தவர்களும் அவர்களே.

வண்டிப்பாதைக் காலத்தில் வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது வணிகமாக அல்லாமல் அறமாகக் கருதப்பட்டது. அந்த அறத்துக்குப் பல படிகள் இருந்தன. மிக எளிய படி சுமைதாங்கி: இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு நீளக்கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள்; தலைச்சுமையோடு வருபவர் யாருடைய கைத்துணையும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, இளைப்பாறிய பின் தாமே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ள ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம் என்பதால், ஒரு குடும்பத்தின் துக்கமே ஊரார் சுமையை வாங்கிக்கொள்ளும் கல்லாக நின்றது. அடுத்த படி கோடைகாலத் தண்ணீர்ப்பந்தல். மோரும் பானகமும் அங்கே கிடைக்கும். இந்தப் பக்கத்துப் பானகத்தில் கருப்பட்டி கரைந்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். மேல்படியில் இருந்தது சத்திரம். அதாவது, தங்குவதற்குத் திண்ணையும் கூடமும், குளிக்கக் கிணறும், சில இடங்களில் ஒருவேளைச் சோறும் கொடுத்த கட்டடம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரில் இன்றும் சாலைகள் வழங்குவதும், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரிலான சத்திரம் நிற்பதும் அந்த அறத்துக்கு அரச ஆதரவு இருந்ததைக் காட்டுகின்றன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்களுக்கு உரிய நிலங்களைக் காக்கும்பொருட்டு 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குக் கவனிப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று சத்திரத்தின் கடமைகளை விரிவாக எடுத்துரைத்தார். இவற்றின் செலவுக்கு மானிய நிலத்தின் விளைச்சல் ஈடு கொடுத்தது. வந்து தங்குபவர் எதுவும் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தங்கக் கூடாது என்பது பொதுவான ஏற்பாடு.

இந்தச் சித்திரத்தை அப்படியே நம்பிப் பழங்காலத்தைப் புகழ்ந்துவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சத்திரம் காசு கேட்கவில்லை, சாதி கேட்டது. பிராமணருக்கு உள்ளே பந்தி, மற்றவருக்கு வெளியே, சிலருக்கு வாசலே இல்லை என்னும் ஒழுங்கு பல இடங்களில் நிலவியது. இவ்வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு, தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் சான்று. தேசியக் கல்விக்கென்று பொதுப்பணத்தில் நடந்த அந்தப் பள்ளியிலேயே பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது, 1920களின் நடுவில் தமிழகக் காங்கிரசையே உலுக்கிய பூசலாக வெடித்தது. விடுதலை இயக்கத்தின் பள்ளிக்கூடத்திலேயே நிலைமை இதுவென்றால், அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்திய வழிச்சத்திரத்தில் பனையேறிக் குடும்பத்தைச் சேர்ந்த வியாபாரிக்கு என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

உடன்குடி, திருச்செந்தூர்த் தேரிப் பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனபோது இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தார்கள். சத்திரத்தில் இடமில்லை; பாதையில் வழிப்பறிக் கள்வர் பயம்; விற்றுத் திரும்பும் காசையும் இழுத்துவரும் மாட்டையும் இரவில் காக்க வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததே பேட்டை. ஒருநாள் வண்டிப்பயணத் தொலைவுக்கு ஒன்றாக, சுற்றிலும் மதில் எழுப்பி, ஒற்றை வாசல் வைத்து, உள்ளே கிணறும் வண்டி அவிழ்த்துப்போட இடமும் சரக்கு இறக்கிவைக்கக் கொட்டகையும் அமைத்துக்கொண்ட அடைப்பிடம் அது. இரவில் வாசல் அடைக்கப்படும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவோ உறவினராகவோ இருப்பார்கள். எந்த ஊரில் என்ன விலை, எந்தப் பாதையில் என்ன தொல்லை என்பதெல்லாம் கைமாறும் இடமும் அதுவே. விருதுபட்டி என்று அப்போது வழங்கிய விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் வணிகப் பெருக்கம் இந்தப் பேட்டைகளைச் சுற்றியே தொடங்கியது. பேட்டையின் செலவுக்கு மானிய நிலம் கிடையாது, அரசர் கொடையும் கிடையாது. விற்கும் சரக்கின்மேல் வணிகர்கள் தாங்களே விதித்துக்கொண்ட மகமை என்னும் சிறு தொகை அதைத் தாங்கியது. உறவின்முறை என்னும் சாதி அமைப்பு அந்தப் பணத்தை நிர்வகித்தது. வண்டிக்காரருக்கு மதில் கட்டிய அதே மகமை பிற்பாடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டியது. விருதுநகரில் 1885இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கமுதிக் கோயிலில் நாடார் நுழையக் கூடாது என்னும் தீர்ப்பை 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலே உறுதிசெய்த காலச்சூழலை நினைத்தால், உறுப்பினருக்கு மட்டுமான இந்தக் காத்திருப்பிடம் பகட்டுக்காக அல்லாமல் புறக்கணிப்புக்கு விடையாக எழுந்தது என்பது தெளிவாகும். மூடிய வாசலுக்கு எப்போதும் ஒரே பொருள் இருப்பதில்லை.

வெள்ளைக்கார அதிகாரிகளின் விடை வேறு. ஊர்ஊராகச் சுற்றும் கலெக்டரும் இஞ்சினியரும் தங்குவதற்கு அரசு முசாபரி பங்களாக்களைக் கட்டியது. முசாபர் என்றால் பயணி என்று பொருளாயினும், கைச்சுமையோடு நடந்துவரும் பயணிக்கு அங்கே இடமில்லை. ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் காத்திருக்கும் இடம் மூவகையாக இருந்தது: சாதி பார்க்கும் அறச்சாலை, சாதியாலேயே கட்டப்பட்ட அடைப்பிடம், பதவி பார்க்கும் பங்களா.

1876ஆம் ஆண்டு மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தபோது நான்காவது அளவுகோல் ஒன்று வந்தது: டிக்கெட். ரயில்வே கம்பெனி, கொள்கையளவில், யாருடைய குலத்தையும் விசாரிக்கவில்லை. காசு கொடுத்தவருக்கு வகுப்பு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இண்டர் எனப்பட்ட இடைவகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பெட்டிகள் பிரிந்தது போலவே பிளாட்பாரமும் பிரிந்தது. மேல்வகுப்பாருக்குப் பிரம்பு நாற்காலியும் கண்ணாடியும் குளியல் தொட்டியும் உள்ள அறை. மூன்றாம் வகுப்பாருக்குக் கூரை மட்டும் உள்ள கொட்டகை. தொடக்க காலங்களில் மூன்றாம் வகுப்பாரை அந்தக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்து, வண்டி வந்த பிறகே கதவைத் திறந்துவிடுவது பல நிலையங்களில் நடந்தது. கட்டுச்சோற்று மூட்டையும் பிள்ளைகளுமாக அவர்கள் முண்டியடித்து ஓடியதற்கு அவர்களுடைய நாகரிகக் குறைவைவிட அந்தக் கதவே பெரிய காரணம். ரயில் கம்பெனிகளின் பெரும்பான்மை வருவாய் மூன்றாம் வகுப்பிலிருந்தே வந்தது. காந்தி 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி எழுதிய சிறு பிரசுரத்தில் எடுத்த கணக்கும் இதைச் சார்ந்ததே: முதல் வகுப்பின் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றால், மூன்றாம் வகுப்பாருக்கு ஐந்தில் ஒரு பங்கு வசதியேனும் கிடைக்க வேண்டாமா என்பது அவர் கேட்ட கேள்வி.

டிக்கெட் வந்ததால் சாதி போய்விடவும் இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுயமரியாதை இயக்கமும் பெரியாரும் தொடர்ந்து கொடுத்த நெருக்கடியின் பின் 1941இல்தான் அந்த ஏற்பாடு நீங்கியது. ஒரே நிலையத்தில் காத்திருப்பது கட்டணத்தாலும் சாப்பிடுவது பிறப்பாலும் வகுக்கப்பட்ட விசித்திரம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்திருக்கிறது.

கடலுக்கு அப்பால் போகிறவர்களின் காத்திருப்பு இன்னும் கடினமானது. தூத்துக்குடித் துறைமுகம் ஆழமற்றதாகையால் கொழும்புக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட்டன. பயணிகள் படகிலோ சிறு நீராவிப் படகிலோ போய் ஏற வேண்டும். மேல்வகுப்பாருக்குக் கேபின், மற்றவர்களுக்கு மேல்தளத்தின் வெயிலும் காற்றும். இந்தக் கப்பல்களை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்தே வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொண்டுவந்தார். போட்டி முற்றியபோது வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்திக்கொண்டே போய், இறுதியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுவது, தளப் பயணிக்குக் கப்பல் கம்பெனி முதன்முதலாகச் செய்த உபசாரம் என்ற வகையில் கவனிக்கத்தக்கது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதோடு உபசாரத்துக்கு அவசியம் இல்லாமற்போயிற்று; சுதேசிக் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அந்த ஒடுக்குமுறையில் பங்குகொண்டவராகக் கருதப்பட்ட கலெக்டர் ஆஷ், அதே 1911இல் ஜூன் 17ஆம் நாள், மணியாச்சிச் சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்து போட் மெயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். தூத்துக்குடி வழியாகக் கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோன ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் வழி ஏற்பட்டதும் அது அந்தப் பக்கம் திரும்பியது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச்சென்ற கூலிகளுக்குக் காத்திருப்பு என்பது காவலில் இருப்பதே. காலராவும் பிளேக்கும் தங்கள் நாட்டுக்குள் வந்துவிடாதபடி இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலேயே தடுப்பு முகாம்களை நடத்தியது: தூத்துக்குடி வழிக்குத் தட்டப்பாறையிலும், தனுஷ்கோடி வழிக்கு மண்டபத்திலும். அங்கே கூலிகளும் மற்றக் கீழ்வகுப்புப் பயணிகளும் நாள்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, துணிகள் ஆவியில் அவிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கணக்கில் ஏற்றப்பட்ட பிறகே கப்பலுக்கு அனுப்பப்பட்டார்கள். மேல்வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவருக்கோ டாக்டரின் பார்வையோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கிருமி டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து ஒட்டுவதில்லை என்பது அக்கால மருத்துவருக்குத் தெரியாததன்று. கூலியின் நேரத்துக்கு விலையில்லை என்பதும் துரையின் நேரத்துக்கு விலையுண்டு என்பதும் அதைவிட நன்றாக நிர்வாகிகளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய விமான நிலையங்களில் கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் விரைவு வரிசையின் தத்துவம் இந்த முகாம்களில் அப்பட்டமாகச் செயல்பட்டிருக்கிறது. சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தான பின்னர், தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பியோராக வந்து காத்திருந்ததும் அதே மண்டபத்தில்தான். ஈழப்போர் மூண்ட பின் அது அகதிமுகாமாகவும் ஆயிற்று.

உடன்குடிக்கே ரயில் வந்த கதை சுருக்கமானது. குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியைச் சீனியாக்கும் ஆலையை நடத்திய பாரி குழுமத்தார், 1910களில் திசையன்விளையிலிருந்து உடன்குடிப் பக்கமாகக் கடற்கரைவரை இரண்டடி அகலத்தில் ஒரு சிறு ரயில்பாதை போட்டார்கள். 1923இல் திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் ஓடத் தொடங்கியது. சீனி ஆலை மூடப்பட்டு, 1940இல் சிறு ரயிலும் நின்றது. தண்டவாளம் போன பிறகு பஸ்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்க எந்த வகுப்பும் கிடையாது, வேப்பமர நிழலும் டீக்கடைப் பெஞ்சும் எல்லாருக்கும் ஒன்றே.

இவ்வட்டாரத்து முஸ்லிம்களின் நெடும்பயணம் ஹஜ். கப்பலில் போன காலத்தில் பம்பாய்க்கு ரயிலேறிப்போய், அங்கே முசாபர்கானா எனப்படும் பயணியர் விடுதியில் கப்பல் புறப்படும் நாள்வரை தங்க வேண்டியிருந்தது. பம்பாயின் கிராபர்டு சந்தைக்கு அருகே சாபு சித்திக் என்னும் வணிகரின் கொடையில் எழுந்த முசாபர்கானா, தென்னாட்டு ஹாஜிகளும் அறிந்த இடம். காசுள்ளவர் கட்டிவைத்து, காசில்லாதவர் தங்கிப்போன அந்த விடுதியைச் சத்திரத்தின் பங்காளியாகவே கொள்ளலாம். கப்பலில் ஹஜ் போவது 1995இல் முடிந்து, விமானம் மட்டும் நிலைத்தது. 1970களில் வளைகுடா வேலை திறந்தபோது காத்திருக்கும் ஊராக மீண்டும் பம்பாயே வாய்த்தது. விசாவுக்கும் ஏஜெண்டின் வாக்குறுதிக்கும் ஆள்கள் மாதக்கணக்கில் லாட்ஜுகளிலும் ஊர்க்காரர் அறைகளிலும் முடங்கிக் கிடந்தார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டம் குறைந்த படிப்புள்ளவரின் பாஸ்போர்ட்டில் தனி முத்திரை குத்தச் செய்ததால், தட்டப்பாறையின் தரம்பிரிப்பு வேறு உருவில் தொடர்ந்தது.

விமான நிலைய லவுஞ்சின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1939இல் நியூயார்க்கின் லகுவார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்னும் கூடத்தைத் திறந்தது. கம்பெனி தேர்ந்தெடுத்து அழைத்தவர்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி, சந்தா கட்டி எவரும் சேரலாம் என்பது பிற்கால ஏற்பாடு. முழுக் கட்டணம் கொடுத்துப் போகும் வியாபாரப் பயணி, சலுகை விலையில் வந்த சுற்றுலாக்காரருக்குப் பக்கத்தில் உட்காருவதை விரும்பாததால் 1970களின் இறுதியில் முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் நடுவில் ஒரு புது வகுப்பு முளைத்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1979இல் அதைப் பிசினஸ் கிளாஸ் என்று அழைத்தது. அந்த டிக்கெட்டோடு லவுஞ்சும் சேர்ந்துகொண்டது. எந்த விமானக் கம்பெனியின் டிக்கெட்டும் இல்லாமலே, சந்தா அட்டை ஒன்றைக் காட்டிப் பல நாட்டு லவுஞ்சுகளில் நுழையும் முறை 1990களில் பரவியது.

இந்தியாவில் இந்த முறை எதிர்பாராத திருப்பம் ஒன்றைப் பெற்றது. வங்கிகள் கடன் அட்டைகளோடு மட்டுமன்றிச் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டோடும் லவுஞ்சு அனுமதியைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதால், சாதாரண டிக்கெட்டில் சென்னைக்கோ துபாய்க்கோ போகிறவரும் உள்ளே போகலானார். முகப்பு மேசையில் கார்டையும் போர்டிங் பாஸையும் நீட்டினால், பல கார்டுகளுக்கு இரண்டே ரூபாய் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, செய்தி கைப்பேசியில் வந்து விழும்; உள்ளே மூடியிட்ட எவர்சில்வர் பாத்திரங்களில் இட்லி, வடை, பொங்கல், பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் காப்பி ஊற்றும் இயந்திரம். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் தங்கக் கூடாது என்பது விதி. நாள் மணியாகச் சுருங்கியதைத் தவிரச் சத்திர விதியில் மாற்றமில்லை. வெறும் இரண்டு ரூபாய்க்குச் சோறு என்ற செய்தி பரவி லவுஞ்சு வாசலிலேயே வரிசை நிற்கத் தொடங்கியதும், காலாண்டுக்கு இவ்வளவு தொகை செலவு செய்தவருக்கே அனுமதி என்று வங்கிகள் 2023, 2024 வாக்கில் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. பேட்டையின் மகமை போல இங்கும் செலவைத் தாங்குவது வணிகத்தின் சிறு பங்கே; ஆயினும் மகமை கொடுத்தவர் பேட்டையின் நிர்வாகத்தில் பேச முடிந்தது, கார்டு வைத்திருப்பவர் அனுமதி ரத்தான செய்தியைப் படிக்க மட்டுமே முடிகிறது.

உடன்குடியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் 1992இல் திறக்கப்பட்டது. பெரிய புதிய முனையம் 2025 ஜூலை 26இல் தொடங்கிவைக்கப்பட்டது. வெளிநாட்டுக்கு நேராகப் போக வேண்டியவர்கள் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோதான் போகிறார்கள். வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கிளம்புவதால், தொழிலாளி மாலையிலேயே வாடகை வேனில் புறப்பட்டு, நாகர்கோவில் வழியாகப் பல மணி நேரம் போய், மூன்று மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்ற விதிக்கும் முந்தி நிலையத்தை அடைந்துவிடுகிறார். சுங்க அதிகாரி பிரித்துப் பார்ப்பாரோ என்ற அச்சத்தோடு கட்டிய கருப்பட்டிப் பெட்டியும் அவர் சாமானில் இருக்கும். பிசினஸ் கிளாஸ் பயணியோ கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தாலும் தனி வரிசை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மிக நீண்ட நேரம் காத்திருப்பவருக்கு லவுஞ்சு கட்டப்படவில்லை. காத்திருக்கும் நேரத்தின் நீளத்தைப் பார்த்து இடம் கொடுத்தவை இவ்வழியில் சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் மட்டுமே, அவற்றுள் தண்ணீர்ப்பந்தல் திருச்செந்தூருக்கு நடந்துபோகும் பக்தர்களுக்காகத் தைப்பூச நாள்களில் சாலையோரம் இன்றும் போடப்படுகிறது.